இரைப்பைக் கிருமியும் புற்றுநோயும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

கேள்வி

இரைப்பைப் புற்று என்று தெரியவந்த வீட்டில் அடுத்த பேச்சு காரணத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் பேச்சு பெரும்பாலும் மூன்று இடங்களில் போய் நிற்கிறது. சிலர் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள்: காரம், நேரந்தவறிய சோறு, வெறும் வயிற்றில் டீ. சிலர் திராட்சைப் பந்தலுக்கும் ஏலத்தோட்டத்துக்கும் அடிக்கிற பூச்சிமருந்தைச் சொல்வார்கள். எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு வருகிறவர்கள் இப்போது மூன்றாவதாக ஒன்றையும் கேட்டு வருகிறார்கள்: வயிற்றில் கிருமி.

அறிவியல் சான்று மிக வலுவாக நிற்பது மூன்றாவது விடையின் பக்கம். ஹெலிகோபாக்டர் பைலோரி, சுருக்கமாக எச். பைலோரி, என்ற பாக்டீரியா இரைப்பைப் புற்றுக்குக் காரணம் என்பதை உலகம் ஏற்று முப்பது ஆண்டுகளாகிவிட்டன. ஆனாலும் கேள்வி முடியவில்லை. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரைப்பையில் இந்தக் கிருமி குடியிருந்து வந்திருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் புற்று வருவது நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான். மற்றவர்களை விட்டுவிட்டு அந்த ஓரிருவரை மட்டும் நோய் பிடிப்பது எதனால்? கிருமி எங்கும் மலிந்திருந்தும் புற்று குறைவாகப் பதிவாகும் இந்தியாவில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். அந்த இந்தியாவுக்குள்ளும் வடக்கைவிடத் தெற்கில் இந்நோய் கூடுதல் என்பது கேள்வியை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது.

இது சிறிய நோயும் அல்ல. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் 9 லட்சத்து 68 ஆயிரம் பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்று வந்தது. 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வருகிறது. இங்கே பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள்.

சோறும் மிளகாயும்: தெற்கின் பழைய விடை

தென்னிந்தியர் வயிறு பற்றிய ஆராய்ச்சி புற்றில் தொடங்கவில்லை, புண்ணில் தொடங்கியது. ஊரில் இன்றும் அல்சர் என்றே சொல்லப்படும் முன்சிறுகுடல் புண், கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் தெற்கே அறுவை மருத்துவர்களின் பெரும் வேலையாக இருந்தது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஆங்கிலேய மருத்துவர் ஹோவர்டு சோமர்வெல், அன்றைய தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அங்கே புண்ணோடு வந்தவர்களின் கூட்டம் அவரைத் திகைக்க வைத்தது. ஏராளமானோருக்கு அறுவை செய்ததோடு நில்லாமல், இந்தப் பகுதியில் மட்டும் ஏன் இவ்வளவு என்று எழுதவும் செய்தார். அவர் சந்தேகித்தது உணவை.

அதே காலத்தில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் வெவ்வேறு பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மரவள்ளிக்கிழங்கை ஆதாரமாகக் கொண்ட திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைத் தின்ற எலிகளில் கால்பங்குக்கும் மேல் வயிற்றுப்புண் கண்டது. சென்னை மாகாணத்து உணவு கொடுத்தவற்றில் அதைவிடக் குறைவு. பஞ்சாபியரின் கோதுமை, பால் உணவு கொடுத்தவற்றில் இல்லவே இல்லை.

1960-களில் ரயில்வே மருத்துவ அதிகாரி எஸ். எல். மல்ஹோத்ரா ரயில்வே ஊழியர்களின் நோய்க்கணக்கை மண்டலவாரியாகப் பிரித்துப் பார்த்தார். சோறு தின்னும் தெற்கிலும் கிழக்கிலும் புண் அதிகம், கோதுமை தின்னும் வடமேற்கில் குறைவு என்பது அவருடைய முடிவு. ரொட்டியை நன்றாக மென்றுதான் விழுங்கவேண்டும், அப்போது உமிழ்நீர் கூடுதலாகக் கலக்கிறது, அதுவே காவல் என்று அவர் விளக்கினார். பிறகு மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி இந்த வரைபடத்தை விரிவாக்கினார். தீட்டிய அரிசியும் கிழங்கும் பிரதான உணவான இடங்களில் புண் மிகுதி, தீட்டாத கோதுமையும் சில சிறுதானியங்களும் பயறும் உண்ணும் இடங்களில் குறைவு என்றார்.

கம்பும் சோளமும் கேழ்வரகும் களியாகவும் கூழாகவும் சோற்றுக்கு இடம்விட்ட வரலாறு தேனிப் பக்கத்துக்கும் உண்டு. 1895-இல் முல்லைப்பெரியாறு அணை வந்தது. அதன் தண்ணீர் கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோக நெல்லைக் கொண்டுவந்தது. டோவியின் வாதத்தைப் படிக்கிற தேனிக்காரருக்கு அது தன் தாத்தா காலத்து உணவு மாற்றத்தை விளக்குவதுபோலத் தோன்றும். ஆனால் எச்சரிக்கை தேவை. இந்த ஆய்வுகள் மாநிலத்தோடு மாநிலத்தையும் மருத்துவமனையோடு மருத்துவமனையையும் ஒப்பிட்டவை. இரண்டு பகுதிகளுக்கு இடையே உணவு மட்டுமா வேறுபடுகிறது? குடிநீர், வீட்டில் நெருக்கம், புகையிலை, மருத்துவமனைக்கு எட்டும் தூரம் எல்லாமே வேறுபடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, புண்ணுக்குக் காரணமான கிருமி அப்போது யாருக்கும் தெரியாது. தெரியாததைக் கணக்கில் கழிக்க முடியாது.

புற்றுநோயையே நேரடியாகப் பார்த்த உணவு ஆய்வுகள் பின்னால் வந்தன. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் கஜலட்சுமியும் வி. சாந்தாவும் நோயாளிகளையும் நோயற்றோரையும் ஒப்பிட்டு 1996-இல் வெளியிட்ட ஆய்வு, புகைபிடிப்போருக்கு இரைப்பைப் புற்று அபாயம் கூடுதல் என்று காட்டியது. மலைக்கு அந்தப்புறம் திருவனந்தபுரத்தில் நடந்து 2000-இல் வெளிவந்த ஆய்வு மிகுதியான சோறு, மிளகாய், காரம், கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுதல் ஆகியவற்றைச் சுட்டியது. நோய் வந்தபிறகு பழைய சாப்பாட்டை நினைவிலிருந்து சொல்லவைக்கும் ஆய்வுகளுக்கு உள்ள பலவீனம் இதற்கும் உண்டு. வயிறு எரிகிறவர் தான் தின்ற காரத்தைக் கூடுதலாகவே நினைவுவைத்திருப்பார். உணவில் இன்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது உப்பு. உப்பிட்டுப் பதப்படுத்திய உணவுகள் அபாயத்தைக் கூட்டுவது பெரும்பாலும் உண்மை என்றே உலக அளவிலான மதிப்பீடுகள் கருதுகின்றன. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் அன்றாடமாக இருக்கும் சமையலறைக்கு இது பொருட்படுத்தத் தக்க செய்தி.

கிருமி வந்த கதை

கிருமிக் கோட்பாட்டுக்கு ஒரு கெட்ட முன்னோடி உண்டு. எலியின் இரைப்பையில் வாழும் ஒரு புழுதான் புற்றை உண்டாக்குகிறது என்று நிறுவியதாக டென்மார்க்கின் ஜொஹான்னஸ் ஃபிபிகருக்கு 1926-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். பின்னால் அந்த முடிவு நிற்கவில்லை. அந்த எலிகளின் உணவில் வைட்டமின் ஏ பற்றாக்குறை இருந்ததும் சேர்ந்தே அந்த மாற்றங்கள் தோன்றியிருக்கின்றன. அதன்பிறகு புற்றுக்குத் தொற்று காரணம் என்று பேசவே பலர் தயங்கினார்கள். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது.

1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அந்தக் கிருமியை வளர்த்தெடுத்தார்கள். 1984-இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல். புண்ணுக்கு அறுவை செய்துகொண்டிருந்த உலகம் மாத்திரைக்கு மாறியது.

அமிலத்துக்குள் அது எப்படி வாழ்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். எண்டோஸ்கோப்பி அறையில் இரைப்பையின் உட்சவ்விலிருந்து ஒரு கடுகளவு திசுவைக் கிள்ளி எடுத்து, யூரியா கலந்த மஞ்சள் நிறக் களிக்குள் போடுகிறார்கள். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். களி காரத்தன்மை அடைந்து இளஞ்சிவப்பாக மாறும். சில சமயம் நோயாளி மேசையிலிருந்து இறங்குவதற்குள் நிறம் மாறிவிடும். இரைப்பைக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. தன்னைச் சுற்றி அம்மோனியாவால் ஒரு வேலி போட்டுக்கொண்டு, சளிப்படலத்தைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. பெரும்பாலும் சிறுவயதில், தாயிடமிருந்தோ உடன்பிறந்தவர்களிடமிருந்தோ தொற்றி, மருந்து கொடுக்காவிட்டால் ஆயுள் முழுக்கத் தங்குகிறது.

புற்றை நோக்கிய பாதையை வகுத்தவர் கொலம்பியாவின் பெலாயோ கொரேயா. கிருமியைக் கண்டுபிடிக்கும் முன்பே, 1975-இல், அவர் ஒரு படிவரிசையைச் சொல்லியிருந்தார். நீண்டநாள் அழற்சியில் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்கின்றன. பிறகு இரைப்பைச் சவ்வு குடற்சவ்வுபோல மாறுகிறது, செல்கள் திரிகின்றன, கடைசியில் புற்று. இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். முதல் படியை ஏற்றிவிடுவது எது என்பதற்கு எச். பைலோரி விடையாக வந்து பொருந்தியது. முன்னரே சேமித்துவைத்த ரத்தத்தைச் சோதித்த மூன்று தனித்தனி ஆய்வுகள் 1991-இல் ஒரே முடிவைச் சொன்னபின், 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இந்தக் கிருமியை மனிதருக்குப் புற்று விளைவிப்பவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது.

ஜப்பானில் உவெமுராவும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வுதான் வாதத்தை ஏறத்தாழ முடித்துவைத்தது. 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்று வந்தது. இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. இதே ஆய்வில் அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு வரி உண்டு. கிருமி இருந்தவர்களில் முன்சிறுகுடல் புண் உள்ளவர்கள் 275 பேர். அவர்களில் ஒருவருக்கும் புற்று வரவில்லை. தென்னிந்தியரின் கேள்விக்கு இந்த வரி மிக முக்கியம்.

இந்தியப் புதிர்

1991-இல் வெளியான ஹைதராபாத் ஆய்வொன்றில் இருபது வயதுக்குள் ஐந்தில் நால்வருக்குக் கிருமி தொற்றியிருந்தது. பின்னர் அதே நகரில் நடந்த ஆய்வு, குழாய்த் தண்ணீர் குடிப்பவர்களைவிடக் கிணற்று நீர் குடிப்பவர்களிடம் தொற்று கூடுதல் என்று கண்டது. இத்தனை பரவலுக்கும் இந்தியாவின் சராசரிப் புற்று விகிதம் ஜப்பான், கொரியாவோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒருபங்கு அளவுதான். ஆப்பிரிக்காவைப் பற்றி 1992-இல் ஹோல்கோம்ப் எழுப்பிய அதே புதிர் இங்கும் பேசப்பட்டது.

இந்தியச் சராசரி என்பதே ஏமாற்றும் எண் என்பதை முதலில் சொல்லவேண்டும். மிசோரத்தின் ஐஸால் நகர் இந்நோயில் நாட்டிலேயே முதல் வரிசையில் நிற்கிறது. புகையிலைப் புகையை ஊட்டிய நீரை வாயில் வைத்துக்கொள்ளும் அவ்வூர்ப் பழக்கமும் புகையிட்ட, புளிக்கவைத்த இறைச்சியும் அங்கே ஆராயப்படுகின்றன. 1982 முதல் அடையாறு நிறுவனம் நடத்தும் சென்னைப் பதிவேட்டில் 1980-களில் ஆண்களின் புற்றுகளில் இரைப்பையே முதலிடம். மும்பையிலும் டெல்லியிலும் அப்படி இல்லை. தேனிக்கு அடுத்த வீடான திண்டுக்கல்லில், அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து 2003-இல் கிராமப்புறப் பதிவேடு தொடங்கினார்கள். அங்கும் ஆண்களிடம் முதலிடம் இரைப்பைக்கே. விகிதம் லட்சத்துக்குச் சுமார் ஆறு. உலக அளவில் இது சிறிய எண். ஆனால் கிராமத்து ஆணுக்கு வரும் புற்றுகளில் அதுதான் முதல் என்பதை எண்ணின் சிறுமை மறைத்துவிடக்கூடாது. 2012-இல் தொடங்கிய தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மாநிலம் முழுவதையும் கணக்குக்குள் கொண்டுவந்தது.

புதிருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் சிலவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். மஞ்சளும் பூண்டும் காக்கின்றன என்பது விருப்பத்துக்கு உகந்த விளக்கம்; இந்தியர்களிடம் அதைச் சோதித்து நிறுவிய வலுவான சான்று இல்லை. கிருமியின் ரகம் வேறு என்பது இன்னும் கனமான வாதம். காக்ஏ என்ற புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்தும் ரகங்கள் கொடியவை. கிழக்காசிய ரகத்தின் காக்ஏ இன்னும் வீரியமானது. இந்திய ரகங்களில் பெரும்பாலானவை மேற்கத்திய வகையைச் சேர்ந்தவை. ஆனால் கொல்கத்தா ஆய்வுகளில் நோய் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமின்றிப் பெரும்பாலோரின் கிருமியிலும் காக்ஏ இருந்தது. கிருமியின் ரகம் நாடுகளுக்கு இடையேயான வித்தியாசத்தை ஓரளவு விளக்கலாம். ஒரே தெருவில் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராததை அது விளக்காது.

குடற்புழு விளக்கம் சுவையானது. கொலம்பியாவில் ஆண்டிஸ் மலைமேல் உள்ள துக்கெர்ரெஸ், பசிபிக் கரையில் உள்ள துமாகோ இரண்டிலும் ஏறத்தாழ எல்லோருக்கும் கிருமி உண்டு. மலையூரில் புற்று கரையூரைப் போல் இருபத்தைந்து மடங்கு. கரையில் குடற்புழு அதிகம். புழு உடலின் எதிர்ப்பை வேறு திசைக்குத் திருப்பி அழற்சியைத் தணிக்கலாம் என்றார்கள். எலிகளில் 2000-இல் நடந்த சோதனை இதற்கு இசைந்தது. 2014-இல் இன்னொரு விளக்கம் வந்தது: மனிதரின் மூதாதை வழியும் கிருமியின் மூதாதை வழியும் பொருந்தாத இடத்தில் சேதம் அதிகம். இரண்டும் இந்தியாவில் முறையாகச் சோதிக்கப்படவில்லை.

புதிரே இல்லை என்போரும் உண்டு. 2005-இல் அஹாவும் கிரஹாமும் ஆப்பிரிக்கத் தரவுகளை அலசி, எண்டோஸ்கோப்பி எட்டாத இடத்தில், புற்று வரும் வயதுக்கு முன்பே மக்கள் இறந்துபோகும் இடத்தில், புற்று குறைவாகத் தெரிவதில் வியப்பில்லை என்றார்கள். இதை நம் ஊரில் யோசித்துப் பார்க்கலாம். மலையடிவாரத்தில் ஒரு முதியவருக்குச் சோறு இறங்கவில்லை, உடம்பு வற்றுகிறது, சில மாதங்களில் போய்விடுகிறார். குழாய் விட்டுப் பார்த்திருக்காவிட்டால் அது பதிவேட்டில் ஏறாது. இந்த வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். பதிவு சீரான சென்னையிலும் விகிதம் ஜப்பானை எட்டவில்லை என்பதால் மீதிப் பாதிக்கு வேறு விளக்கம் வேண்டும்.

அந்த விளக்கத்தை நம்முடைய பழைய அல்சர் வரலாற்றில் தேடவேண்டும் என்பது என் கருத்து. கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் அழற்சியை ஏற்படுத்தினால் அமிலம் கூடும்; கூடிய அமிலம் முன்சிறுகுடலில் புண்ணாக்கும். அழற்சி இரைப்பையின் உடற்பகுதிக்குப் பரவினால் சுரப்பிகள் தேய்ந்து அமிலம் குறையும். அது கொரேயாவின் பாதை. ஒரே கிருமி, எதிரெதிரான இரு விளைவுகள். ஸ்வீடனில் 57,936 புண் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1996-இல் வெளியான ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது: இரைப்பைப் புண் உள்ளவர்களுக்குப் புற்று அபாயம் பொதுமக்களைப் போல் 1.8 மடங்கு, முன்சிறுகுடல் புண் உள்ளவர்களுக்கு 0.6 மடங்கு மட்டுமே. சோமர்வெல்லின் நெய்யூரில் வரிசையில் நின்றவர்களுக்கு இருந்தது இரண்டாவது வகை. கிருமி மிகுந்தும் புற்று குறைந்திருந்ததற்கு, நம் மக்களில் பலருக்கு அழற்சி கீழ்ப்பகுதியோடு நின்றது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த விளக்கத்துக்கும் ஓட்டை உண்டு. புண் காவல் என்றால், புண் மிகுந்த தெற்கில் புற்று வடக்கைவிடக் குறைந்திருக்கவேண்டும், நிலைமை நேர்மாறு. ஓட்டையை அடைக்க ஒரு வழி உண்டு: ஒரே ஊரில் இரு கூட்டத்தார் இருக்கலாம். குழந்தைப் பருவத்திலேயே தொற்றி, சத்துக்குறைவோடு வளர்ந்து, பீடி பிடித்து, அழற்சி மேலே பரவியவர்கள் ஒருபுறம். சற்றுப் பின்னர் தொற்றி, அமிலம் குறையாமல் புண்ணோடு நின்றவர்கள் மறுபுறம். ஐரோப்பாவில் இரைப்பைப் புண்ணும் முன்சிறுகுடல் புண்ணும் வெவ்வேறு தலைமுறைகளில் உச்சம் தொட்டு இறங்கியதை இறப்புப் பதிவுகள் காட்டியிருக்கின்றன. தமிழ்நாட்டில் அப்படித் தலைமுறைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் இது நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

மற்ற பாக்டீரியாக்கள்

கடந்த இருபது ஆண்டுகளில் மரபணு வரிசையைப் படிக்கும் முறைகள் மலிந்தபின், இரைப்பையில் எச். பைலோரி தனியாக இல்லை என்பது தெளிவாயிற்று. அமிலம் குறைந்த இரைப்பை கதவு திறந்த வீடு. வாயிலும் குடலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே வந்து தங்குகின்றன. முற்றிய தேய்வும் புற்றும் உள்ள இரைப்பையில் எச். பைலோரியே அருகிப்போயிருப்பதும் உண்டு. அப்படியானால் கடைசிப் படிகளில் ஏற்றிவிடுவது இந்த வந்தேறிகளா?

விலங்குச் சோதனைகள் ஆம் என்று சாய்கின்றன. புற்று வரும்படி உருவாக்கப்பட்ட ஒருவகை எலியைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால் புற்று தாமதமாகிறது. 2024-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள், வாயில் வழக்கமாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் எலியின் இரைப்பையில் அழற்சியையும் தேய்வையும் புற்று வளர்ச்சியையும் தூண்டுவதாகக் காட்டினார்கள். மனிதரில் உள்ள சான்று இன்னும் பலவீனம். பெரும்பாலான ஆய்வுகள் நோய் வந்தபின் எடுத்த ஒற்றைப் படம். பாக்டீரியா மாறியதால் புற்று வந்ததா, புற்று வந்ததால் பாக்டீரியா மாறியதா என்பதை அந்தப் படத்திலிருந்து பிரித்தறிய முடியாது.

பூச்சிமருந்து, உரம் பற்றிய ஊர்ச் சந்தேகத்துக்கும் இங்கே ஓர் இடம் உண்டு, நினைத்த இடத்தில் அல்ல என்றாலும். பூச்சிமருந்துக்கும் இரைப்பைப் புற்றுக்கும் நேரடித் தொடர்பு இன்றுவரை நிறுவப்படவில்லை. மருந்தடிக்கும் கூலிக்காரரின் நரம்புக்கும் மூச்சுக்கும் அது செய்யும் கேடு தனியே கவலைப்படவேண்டியது. நைட்ரேட் விஷயம் வேறு. உரம் மிகுந்த நிலத்துக் கிணற்று நீரில் நைட்ரேட் சேரக்கூடும். அமிலம் குறைந்த இரைப்பையில் பெருகும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், அதிலிருந்து புற்றூட்டும் நைட்ரசோ சேர்மங்களாகவும் மாற்ற வல்லவை. உடலுக்குள் இந்த மாற்றம் நிகழும் சூழலில் உட்கொள்ளும் நைட்ரேட் மனிதருக்குப் புற்று விளைவிக்கக்கூடும் என்று புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. ஆகவே சின்னமனூர், கம்பம், கூடலூர்ப் பகுதிப் பந்தல் தோட்டத்துக் கிணறுகளை இந்தக் கண்ணோட்டத்தில் சோதிப்பது வீண்வேலை ஆகாது.

இன்னொன்று மெடிக்கலில் சீட்டில்லாமல் கிடைக்கும் அமிலக்குறைப்பு மாத்திரை. நெஞ்சுக்கரிப்பு, எதுக்களிப்பு, கேஸ் என்று எதற்கும் ஓமிப்ரசோலோ பான்டோப்ரசோலோ வாங்கிப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிருமி ஒழிப்புச் சிகிச்சைக்குப் பிறகும் இவற்றை நீண்டநாள் எடுத்தவர்களிடம் புற்று கூடுதலாகக் கண்டதாக 2018-இல் ஹாங்காங் ஆய்வு சொன்னது. வயிறு மோசமாக உள்ளவர்தான் மாத்திரையை அதிகம் எடுப்பார் என்பதால் இதை முடிவாகக் கொள்ள இயலாது. ஆனால் மாத்திரை வலியை அடக்கி, புற்றின் முதல் அறிகுறியையும் அடக்கிவிடும் என்பதில் ஐயமில்லை. நான் அஞ்சுவது இதற்குத்தான்.

பாக்டீரியா பற்றிய பேச்சோடு சேர்ந்து பழைய சோறு பற்றிய ஆர்வமும் இப்போது பெருகியிருக்கிறது. தமிழ்நாடு அரசின் நிதியோடு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி அதை ஆராய முன்வந்தது வரவேற்கத்தக்கது. அந்த ஆய்வின் இலக்கு குடல் அழற்சி நோய்கள். அதன் முடிவை இரைப்பைப் புற்றுக்கு நீட்டிப் பேசக்கூடாது.

கிருமியை ஒழித்தால்

சீனாவின் லின்ச்சூ வட்டாரத்தில் 1995-இல் 13 கிராமங்களில் தொடங்கிய சோதனையில் இரண்டு வாரச் சிகிச்சை பெற்றவர்களிடம், 22 ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர்முழுக்கச் சோதித்து மருந்து கொடுத்தார்கள். அங்கும் குறைவு சுமார் பாதி. ஜப்பான் 2013-இல் இரைப்பை அழற்சி நிலையிலேயே கிருமி ஒழிப்பைத் தேசியக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. லின்ச்சூவிலேயே 980 கிராமங்களில் 1,80,284 பேரைச் சேர்த்து நடந்த பெரிய சோதனை 2024-இல் வெளியானபோது குறைவு 14 விழுக்காடு மட்டும் என்று தெரிந்தது. பலன் உண்டு, சிறிய சோதனைகள் தந்த நம்பிக்கையின் அளவுக்கு இல்லை. சவ்வு ஏற்கெனவே மாறிப்போனவர்களுக்கு மருந்து தாமதமாக வந்து சேர்கிறது என்பது ஒரு காரணம்.

ஊர்முழுக்கச் சிகிச்சை என்ற யோசனை இங்கே உடனே இரண்டு தடைகளில் முட்டும். ஒன்று மருந்துக்கு மசியாத கிருமி. இந்தியாவின் பல நகரங்களில் எடுத்த கிருமிகளைச் சோதித்து 2003-இல் தியாகராஜனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் மெட்ரோனிடசோலுக்கு மசியாதவை நான்கில் மூன்றுக்கும் மேல்; கிளாரித்ரோமைசினுக்கு மசியாதவை பாதியை நெருங்கின. கிளாரித்ரோமைசினுக்கு மசியாத எச். பைலோரியை உலக சுகாதார நிறுவனம் 2017-இல் கவலைக்குரிய கிருமிகளின் பட்டியலில் சேர்த்தது. லட்சக்கணக்கானோருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது அந்த நோய்க்கு மட்டுமன்றி மற்ற நோய்களுக்கும் மருந்தை மழுங்கடிக்கும். மற்றொன்று மறுதொற்று. வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்து, மற்றவர் எல்லோரிடமும் கிருமி இருந்தால் அது திரும்ப வர வாய்ப்புண்டு.

மார்ட்டின் பிளேசர் போன்றோர் வேறொரு எதிர்ப்பை வைக்கிறார்கள்: மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த கிருமி இல்லாமற்போனால் ஆஸ்துமாவும் உணவுக்குழல் நோய்களும் கூடலாம். கவனிக்கவேண்டிய கருத்து; ஆனால் தொடர்பைக் காட்டுவதோடு நிற்கிறது. சிகிச்சையால் குலையும் குடல் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் பழைய நிலைக்குத் திரும்புவதாகத் தைவான் ஆய்வொன்று 2019-இல் கண்டது ஓரளவு ஆறுதல்.

தேனிக்கு எது பொருந்தும்

இதுவரை பார்த்தவற்றை ஒரே எடையில் வைக்கமுடியாது. எச். பைலோரி முதன்மைக் காரணம் என்பது உறுதி. 2008 முதல் 2017 வரை பிறந்தவர்களுக்கு வாழ்நாளில் வரக்கூடிய 1 கோடியே 56 லட்சம் இரைப்பைப் புற்றுகளில் 76 விழுக்காடு இந்தக் கிருமியால் வரும் என்று 2025-இல் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கணக்கிட்டது. கூடுதல் சுமை விழும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. புகையிலையின் பங்கும் உறுதி. உப்பின் பங்கு பெரும்பாலும் உண்மை. காரத்தின் பங்கு சந்தேகம். பிற பாக்டீரியாக்களின் பங்கு ஆர்வமூட்டும் தொடக்கநிலை. பூச்சிமருந்தின் பங்கு நிறுவப்படாதது.

இந்த நிலையில், எல்லோரையும் சோதிப்பதைவிடத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பதே இப்போதைக்குத் தகும் என்று எனக்குப் படுகிறது. இரைப்பைப் புற்று வந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் முதலில் வரவேண்டும். குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களுக்குக் கிருமியை ஒழித்தால் அபாயம் பாதிக்குமேல் குறைவதாக 2020-இல் கொரிய ஆய்வு காட்டியிருக்கிறது. அடுத்து, நடுவயதைத் தாண்டியபின் புதிதாக வயிற்றுக்கோளாறு தொடங்கியவர்கள். எடை குறைகிறவர்கள், மலம் கறுத்துப் போகிறவர்கள், கொஞ்சம் தின்றதும் வயிறு நிரம்பிவிடுகிறவர்கள். இவர்களுக்கு மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுக்காமல் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பவேண்டும். மருந்து எடுத்தபின் கிருமி போய்விட்டதா என்று மூச்சுச் சோதனையாலோ மலச் சோதனையாலோ உறுதிசெய்வது பலரும் தவிர்த்துவிடும் படி. மருந்துக்கு மசியாத கிருமி மலிந்த நாட்டில் அதைத் தவிர்க்கலாகாது.

ஆராய்ச்சிக்கு மிச்சமிருப்பவை இதைவிட அதிகம். கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் இரைப்பையில் அழற்சி எந்தப் பகுதியில் நிற்கிறது? க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் எடுக்கும் திசுத்துணுக்குகளைக் கீழ்ப்பகுதி, உடற்பகுதி என்று தனித்தனியாக எடுத்து, நோயாளியின் வயது, புகையிலைப் பழக்கம், குடிநீர் ஆதாரம் ஆகியவற்றோடு பதிந்துவந்தால் பத்தாண்டுகளில் ஒரு விடை திரளும். தினமும் ஜீப்பில் இடுக்கி மலைக்குப் போய் ஏலத்தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கும், பள்ளத்தாக்கில் நெல்லோடும் திராட்சையோடும் இருப்பவர்களுக்கும் இதில் வேறுபாடு உண்டா? வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் வந்தபின் பிறந்த பிள்ளைகளிடம் தொற்று எந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது? குறைந்திருந்தால், அந்தத் தலைமுறை நாற்பதைத் தாண்டும்போது முதலில் குறைவது அல்சரா, புற்றா?

முதல் கேள்விக்கு வேண்டிய கருவிகள் எண்டோஸ்கோப்பி அறையும் நோய்க்குறியியல் ஆய்வகமும்தான். ஒருவரிடமிருந்து ஒன்றுக்குப் பதிலாக ஐந்து துணுக்குகள் எடுக்கவேண்டும், அவற்றைத் தனித்தனிக் குப்பியில் இடவேண்டும், எந்தக் குப்பி எந்த இடத்தினுடையது என்று எழுதவேண்டும். செலவும் நேரமும் சற்றுக் கூடும். அந்தக் கூடுதல் செலவை நோயாளியின் தலையில் வைக்காமல் யார் ஏற்பது என்பது இன்னும் முடிவாகாத விஷயம்.